ஆசான் ரஹீம்

ஓர் ஆட்டத்தில் பந்தை வலைக்குள் செலுத்தியவனின் பெயரை மறுநாட் பத்திரிகை பெரிய எழுத்தில் அச்சிடுகிறது. அவனுக்குப் பந்தைக் கொடுத்துதவியவனின் பெயரும் எங்கேனும் ஒரு வரியில் இடம்பெற்று விடுகிறது. மைதானத்தின் ஓரத்திலே ஒரு வாங்கில் அமர்ந்து, பந்தை ஒரு முறையேனும் தொடாமல், ஆட்டம் முழுவதையும் தம் உள்ளத்துள் ஆடி முடிக்கும் மனிதரையோ மக்கள் எளிதில் நினைவு கூர்வதில்லை. அமெரிக்க நாட்டார் இதற்கு விலக்கானவர்கள். அவர்கள் தங்கள் பேஸ்போல் அணிகளை நடத்திய தலைவர்களை, அரச பரம்பரையை வரிசைப்படுத்துவது போல, ஆண்டு வாரியாக எழுதி வைத்துப் போற்றுகின்றனர். பிலடெல்பியா நகரத்து அத்லெட்டிக்ஸ் அணியை 1901 முதல் 1950 வரை கொனி மக் என்ற ஒருவரே ஐம்பது பருவங்கள் நடத்தினார். ஏனைய அணித் தலைவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரரின் உடையிலே தோன்ற, அவர் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். அந்நாட்டுச் சிறுவர்க்கும் அவர் பெயர் தெரியும்.

ஆசியாவின் உதைபந்தாட்ட வரலாற்றில் அத்தகைய இடத்துக்கு உரியவர் ஒருவர் உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த செய்யித் அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். தொழிலால் அவர் பாடசாலை ஆசிரியர். ஆசிரியர் கலாசாலையால் அறியப்பட்ட அட்டாளைச்சேனையிலும், அந்திப் பொழுதில் மணற்பரப்பெங்கும் பந்து உருளும் நம் கரையோர ஊர்களிலும் அவர் வரலாறு சொல்லப்பட வேண்டியது. கற்பிக்கும் கலை எவ்வளவு தூரம் செல்ல வல்லது என்பதை அவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

பாடசாலையிலிருந்து மைதானத்துக்கு

நிஜாமின் ஆட்சியில் இருந்த ஐதராபாத்தில் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் நாள் ரஹீம் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதாகும்போது, 1918இல், அந்நகரில் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் தோன்றியது. உயர்கல்வி ஆங்கிலத்தில்தான் இயலும் என்றிருந்த காலத்தில், உருது மொழியைப் போதனா மொழியாகக் கொண்டு எழுந்த கலைக்கூடம் அது. இளைஞர் ரஹீம் அங்கே கல்வி பயின்றார். அதன் உதைபந்தாட்ட அணியிலும் ஆடினார்.

படிப்பு முடிந்தபின் அவர் நாடிய தொழில் ஆசிரியத் தொழில். காச்சிகுடா நடுத்தரப் பாடசாலை, தாருல் உலூம் உயர்தரப் பாடசாலை, சாதர்காட் உயர்தரப் பாடசாலை முதலியவற்றில் அவர் பணிபுரிந்தார். பின்னர் உடற்கல்வியில் சான்றிதழ் பெற்று, விளையாட்டுத் துறையின் பொறுப்பையும் ஏற்றார். கரும்பலகையின் முன் நின்று பெற்ற அனுபவம் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. மாணவன் ஒருவன் எங்கே தடுமாறுகிறான் என்று கண்டறிந்து, அத்தடுமாற்றத்துக்கு ஏற்ற பயிற்சியை ஆக்கிக் கொடுப்பது நல்லாசிரியன் இயல்பு. ரஹீம் மைதானத்தில் செய்ததும் இதுவே.

1940களின் தொடக்கத்தில் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. இறக்கும் வரை அப்பொறுப்பை அவர் சுமந்தார். நகரப் பொலிஸ் அணியைப் பயிற்றும் கடமையும் அவருடையதாயிற்று.

பலம் குறைந்த காலுக்கு ஒரு போட்டி

அக்காலத்து இந்திய ஆட்டக்காரர் பலர் பந்தைக் காலோடு காலாக ஒட்டிவைத்துக்கொண்டு, எதிரிகள் இருவரையோ மூவரையோ தனியே ஏய்த்துச் செல்வதைப் பெருமையாகக் கருதினர். பார்ப்போரும் அதற்கே கைதட்டினர். இவ்வழக்கத்தில் ஒரு குறை இருப்பதை ரஹீம் கண்டார். ஒருவன் பந்தை வைத்திருக்கும் நேரமெல்லாம் மற்றப் பத்துப் பேரும் வேடிக்கை பார்ப்பவராகி விடுகின்றனர். மேலும், மனிதன் ஓடும் வேகத்தை விடப் பந்து ஓடும் வேகம் பெரிது. ஆகவே பந்து வந்தவுடன் அதனை அடுத்தவனிடம் சேர்த்து விடுவதே அவர் வகுத்த முறையாயிற்று.

ஆயினும் ஒரு நகரத்துப் பழக்கத்தைச் சொல்லினால் மட்டும் மாற்றிவிட இயலாது என்பதை ஆசிரியராகிய அவர் அறிந்திருந்தார். ஆதலால் புதிய போட்டிகளை ஏற்படுத்தினார். பலம் குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்பது ஒரு போட்டியின் விதி. பந்தைத் தனியே உருட்டிச் செல்லுதல் ஆகாது என்பது இன்னொன்றின் விதி. உயரம் குறைந்த சிறுவர்களுக்கென்றே அளவு வகுத்து நடத்திய போட்டிகளும் இருந்தன. வலக்காலை மட்டும் நம்பியிருந்த பிள்ளை இடக்காலையும் ஆளக் கற்றான். உருவத்தால் பின்தள்ளப்பட்ட சிறுவனுக்கும் பந்து கிடைத்தது. அதட்டலும் தண்டனையும் இன்றி, ஆட்டத்தின் விதியே ஆசானாக நின்று கற்பித்தது. நூலாக எழுதப்படாத ஒரு பாடத்திட்டம் இவ்வாறு ஐதராபாத்தின் தெருக்களில் வழங்கலாயிற்று.

அதன் விளைவை நாடு 1950இலே கண்டது. பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கிண்ணத்தை ஐதராபாத் பொலிஸ் அணி அவ்வாண்டு வென்றது. 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அதனை எவர்க்கும் விட்டுக்கொடுக்கவில்லை. டெல்லியின் டுராண்ட் கிண்ணமும் பலமுறை அதன் கைக்கு வந்தது. கல்கத்தாவே உதைபந்தாட்டத்தின் தலைநகரம் என்று எண்ணியிருந்தோர் தெற்கு நோக்கித் திரும்பிப் பார்க்க நேர்ந்தது.

இவ்விடத்தில் துளசிதாஸ் பலராமைக் குறிப்பிடாமல் இருத்தல் முடியாது. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில், தமிழ்ப் பெற்றோரின் வறிய இல்லத்தில் பிறந்தவர் அவர். சிறுவனின் காலில் இருந்த திறமையைக் கண்ட ரஹீம் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். ஐதராபாத்துக்கு நாள்தோறும் வந்துபோகக் கையிற் காசில்லை என்று சிறுவன் தயங்கியபோது, சைக்கிள் வாடகைக்கான பணத்தை ரஹீமே கொடுத்துதவினார். அவ்வாறு வாடகைச் சைக்கிளில் வந்த பிள்ளையே பின்னாளில் இரண்டு ஒலிம்பிக் விழாக்களில் இந்தியாவுக்காக ஆடினார். ஏழை மாணவனின் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் தம் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும் ஆசிரியர்களை நம் ஊர்களும் அறியும். ரஹீம் அந்த இனத்தவர்.

ஹெல்சிங்கி தந்த பாடம்

ஆசிய விளையாட்டு விழா முதன்முதலாக 1951 மார்ச் மாதத்தில் புதுடெல்லியில் நடந்தது. இந்திய அணியைப் பயிற்றும் பொறுப்பு ரஹீமுக்குக் கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை எதிர்த்து, சாகு மேவாலால் அடித்த ஒரே கோலினால் இந்தியா தங்கம் வென்றது. தலைநகரம் களிகொண்டது.

அந்தக் களிப்பு நீண்டநாள் நிலைக்கவில்லை. மறு ஆண்டு, 1952 ஜூலையில், பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் விழா. அங்கே இந்தியாவுக்கு எதிரே நின்றது யூகோஸ்லாவியா. இந்தியர் பலர் வெறுங்காலுடனே ஆடினர். வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்கால் விரைவு தரும். மணலில் ஆடிப் பழகிய நம்மவர்க்கு இது விளங்கும். வடநாட்டின் குளிர்ந்த ஈரப் புல்லில் அதே கால் வழுக்கிற்று. சப்பாத்தணிந்த எதிரியோடு மோதவும் அஞ்சிற்று. ஆட்டம் முடிந்தபோது யூகோஸ்லாவியா 10, இந்தியா 1 என்று பலகை காட்டியது.

இவ்வளவு பெரிய தோல்வியின் பின் பிறர்மேற் பழி சுமத்துவதும், தலைவிதியை நோவதும் உலகத்து வழமை. ரஹீமோ பரீட்சையில் தவறிய மாணவனின் விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியனைப் போல அத்தோல்வியை வரிவரியாக ஆராய்ந்தார். இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் சப்பாத்தைக் கட்டாயமாக்கியது. ஆட்ட நேரத்தைத் தாங்கும் உடல்வலிமை, பந்தை விரைந்து கைமாற்றும் பழக்கம், களத்தில் நிற்கும் ஒழுங்கு ஆகியவற்றை ரஹீம் வளர்த்தார். 1953 நவம்பரில் ஹங்கேரி அணி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6–3 என்று வென்று உலகை வியக்க வைத்தது. நடுமுன்னணி வீரன் எதிரியின் கோலருகே காத்து நிற்காமல் பின்வாங்கி நின்று ஆட்டத்தை இயக்கிய அந்தப் புது முறையை ஆசியாவின் ஒரு மூலையில் இருந்த இப்பாடசாலை ஆசிரியர் கூர்ந்து பயின்றார்.

பயின்ற பாடத்துக்கான பரீட்சை 1956 டிசம்பரில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வந்தது. போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே இந்தியா 4–2 என்று வீழ்த்தியது. நெவில் டி சூசா மூன்று கோல்களைப் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஓர் ஆசியர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்டது அதுவே முதன்முறை. நான்காவது கோல் கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசுவாமியுடையது. அரையிறுதியில் மீண்டும் எதிர்ப்பட்டது யூகோஸ்லாவியா. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் போட்ட அந்நாட்டுக்கு எதிராக, இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் இந்தியாவே முதற் கோலைப் போட்டது. பின்னர் 4–1 என்று தோற்றது உண்மை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0 என்று தோற்றதும் உண்மை. எனினும் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற முதல் ஆசிய உதைபந்தாட்ட அணி என்ற பெயர் இந்தியாவுக்கு நிலைத்தது. பத்துக்கு ஒன்று என்ற கணக்கிலிருந்து இவ்விடம் வரை நான்கே ஆண்டுகளில் ஓர் அணியை நடத்தி வந்தவர் ரஹீம்.

1960இல் ரோமாபுரி. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய வலிய நாடுகளோடு இந்தியா ஒரே பிரிவில் வீழ்ந்தது. ஹங்கேரியிடம் 2–1 என்ற கணக்கில்தான் தோற்றது. பிரான்சுடன் 1–1 என்று சமநிலை கண்டது. அடுத்த சுற்றுக்குச் செல்லவில்லையாயினும், ஐரோப்பாவின் சிறந்த அணிகள் இந்தியாவை எளிதாக எண்ணும் காலம் போயிற்று. அதற்குப் பின் இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக் களத்தில் கால் வைத்ததே இல்லை என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜகார்த்தாவின் இறுதி நாள்

1962 ஆகஸ்டில் இந்தோனீசியத் தலைநகரான ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கியபோது ரஹீமின் உடலில் நோய் குடிபுகுந்திருந்தது. ஓயாத இருமல் அவரை வருத்திற்று. புகைப்பழக்கம் உடைய அவரைப் பற்றியிருந்தது நுரையீரற் புற்றுநோய்.

துன்பம் உடலோடு நிற்கவில்லை. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனீசியா அனுமதி மறுத்ததை, ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தின் மூத்த நிர்வாகியான இந்தியர் சோந்தி கண்டித்தார். அதனால் நகரில் இந்தியர்மேற் கோபம் மூண்டது. இந்தியத் தூதரகத்தை ஆர்ப்பாட்டக்காரர் தாக்கினர். மைதானத்தில் இந்திய வீரர் தோன்றியபோதெல்லாம் கூச்சல் எழுந்தது. முதல் ஆட்டத்திலோ தென் கொரியாவிடம் 2–0 என்று தோல்வி. தாய்லாந்தை 4–1 என்று வென்ற ஆட்டத்தில், காப்பு வரிசையின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து தையல் போட வேண்டியதாயிற்று. கோல் காப்பாளர் பீற்றர் தங்கராஜ் காய்ச்சலிற் கிடந்தார்.

இந்நிலையில் ஓர் ஆசானின் துணிவு வெளிப்பட்டது. தலையில் கட்டுடன் நின்ற ஜர்னைல் சிங்கைக் காப்பு வரிசையில் வைத்தால் பந்தைத் தலையால் தடுக்க அஞ்சுவார். அவரை ஓய்விலே வைத்தால் அணி உறுதி இழக்கும். ரஹீம் அவரை நடுமுன்னணிக்கு மாற்றினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3–2 என்று வென்றபோது ஒரு கோல் அந்தக் காயப்பட்ட வீரருடையது. இறுதி ஆட்டத்துக்கோ காய்ச்சலினின்று எழுந்த தங்கராஜை மீண்டும் கோலிலே நிறுத்தினார்.

இறுதி ஆட்டத்தின் முன்னிரவில் வீரர்களை அழைத்த ரஹீம், மறுநாள் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், தங்கப் பதக்கமே அப்பரிசு என்றும் கேட்டுக்கொண்டதை அவ்வீரர்கள் முதுமை வரை சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தனர். செப்டம்பர் 4ஆம் நாள், ஏறத்தாழ இலட்சம் பேர் எதிர்த்துக் கூவிய அரங்கில், முன்பு தம்மை வென்ற தென் கொரியாவையே இந்தியர் மறுபடியும் சந்தித்தனர். இந்தியாவைத் தோற்கடித்து ஹொக்கிப் பதக்கம் வென்றிருந்த பாகிஸ்தான் வீரர்கள், அந்தக் கூச்சலின் நடுவே அமர்ந்து இந்தியாவுக்காகக் கைதட்டினர் என்பது அந்நாளின் இனிய செய்தி. 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். மூன்று நிமிடம் கழித்து, தலையில் கட்டிருந்த ஜர்னைல் சிங் இரண்டாவதைப் போட்டார். ஆட்டம் முடியும் தறுவாயிலேயே கொரியரால் ஒரு கோல் திருப்ப முடிந்தது. கேட்ட பரிசு ஆசானின் கைக்கு வந்தது.

அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. படுக்கையிற் கிடந்து நோயுடன் போராடி, 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் நாள் தமது 53ஆவது வயதில் ஐதராபாத்தில் காலமானார்.

வரிசையும் வெற்றிடமும்

அமெரிக்கர் தம் அணித் தலைவர்களின் வரிசையை எழுதுவது போல, ரஹீமுக்குப் பின் வந்தவர்களின் வரிசையையும் எழுதிப் பார்த்தல் பயன் தரும். ஹரி ரைட் என்ற ஆங்கிலேயரின் கீழ் 1964இல் இந்தியா ஆசியக் கிண்ணத்தில் இரண்டாம் இடம் பெற்றது. ரஹீம் ஆக்கி வைத்த வீரர்கள் அப்போதும் களத்தில் இருந்தனர். 1970இல் பாங்கொக்கில் வெண்கலம் கிடைத்தபோது பாஷாவுடன் சேர்ந்து அணியைப் பயிற்றியவர் ரஹீமின் மாணவரான பி. கே. பானர்ஜி, அணிக்குத் தலைமை தாங்கியவர் ஐதராபாத்தின் நயீமுத்தீன். பின்னர் அருண் கோஷ், சுனி கோஸ்வாமி முதலிய ரஹீமின் வீரர்களும், அவருடைய மைந்தர் ஹக்கீமும் அப்பொறுப்பை வகித்தனர். பயிற்றுவிப்பாளர்க்கென இந்திய அரசு 1985இல் ஏற்படுத்திய துரோணாச்சாரியார் விருதை உதைபந்தாட்டத் துறையில் முதலிற் பெற்றவரும் நயீமுத்தீனே. ஆக, மாணவரின் வாயிலாக ஆசான் சிறிது காலம் வாழ்ந்தார்.

பின்னர் அயல்நாட்டார் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். 1984இல் வந்த மிலோவான் சிரிச், ஒரு காலத்தில் இந்தியாவுக்குப் பத்துக் கோல் போட்ட அதே யூகோஸ்லாவியாவைச் சேர்ந்தவர். ஸ்டீவன் கொன்ஸ்டன்டைன், பொப் ஹோட்டன், இகோர் ஸ்டிமாச் என அவ்வரிசை நீண்டது. 2025இல் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டபோது பொறுப்பு மீண்டும் ஓர் இந்தியர் கைக்கு வந்தது. இத்தனை பேர் வந்தும், 1962இன் தங்கம் திரும்பவில்லை. 1970க்குப் பின் 2023 வரை ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியாவுக்கு எந்தப் பதக்கமும் கிட்டவில்லை.

வந்தவர்களிடம் திறமை இல்லை என்று சொல்லுதல் தகாது. அவர்கள் முதிர்ந்த வீரர்களை ஏற்று, சில வாரம் பயிற்சி கொடுத்துக் களத்துக்கு அனுப்பினார்கள். ரஹீமோ வீரனைச் சிறுவனாக இருக்கும்போதே கண்டெடுத்தார். பலம் குறைந்த காலுக்கும், உயரம் குறைந்த பிள்ளைக்கும், காசில்லாத வீட்டுக்கும் அவர் தம் காலத்தைச் செலவிட்டார். ஜகார்த்தாவின் தங்கம் அங்கே விளைந்ததன்று. காச்சிகுடாவிலும் சாதர்காட்டிலும் இருபது ஆண்டுகளாக வளர்ந்த பயிரின் அறுவடையே அது. ஆனால் அந்த உழவு முறை ஒரு மனிதரின் தலையிலும் நெஞ்சிலும் மட்டும் தங்கியிருந்தது. அதை எழுதிவைத்துப் பிற ஆசிரியர்க்குக் கற்பிக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அவர் மறைந்தபோது பாடமும் பாதியில் நின்றது. 2024இல் அவரைப் பற்றி ஹிந்தியில் ‘மைதான்’ என்றொரு திரைப்படம் வெளிவந்து, இளந்தலைமுறைக்கு அவர் பெயரை அறிவித்தது. பெயரை மீட்டது நன்று. முறையை மீட்பது இனிமேல் ஆகவேண்டிய பணி.

நம் பாடசாலைகளிலும் மாலை நேர மைதானங்களிலும் பந்தின் பின்னே ஓடும் பிள்ளைகள் ஆயிரம். அவர்களில் யாருக்கு எந்தக் கால் பலம் குறைந்தது என்று கவனித்துப் பார்க்கும் ஆசிரியர் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனை ரஹீம்கள் நம்மிடையே வாழ்கின்றனர் எனலாம்.